எட்டாம் நாள் டியூட்டி

அத்தியாயம் ஒன்பது

நான்காவது பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேட்டையும் பார்த்து முடித்தாகிவிட்டது.

"இல்லை," என்று பதிவேட்டுக்காரர் புத்தகத்தை மூடி அட்டையை ஊதினார். தூசி நேராக விசிலின் முகத்தில் போய் அப்பியது.

"இல்லைன்னு வாயால சொன்னா போதாதா பாய்? ஊதி வேற காட்டணுமா?"

விசில் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. இருபத்தாறு வருடம் பேருந்துக் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றபோது மிச்சமிருந்த பெயர். இப்போது டீச்சருக்கு உதவியாளர். டீச்சரும் இப்போது பள்ளிக்கூடத்தில் இல்லை. கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு, மனிதர்கள் மறைத்து வைக்கும் விஷயங்களைத் தேடிக் கொடுக்கும் தொழிலுக்கு வந்து ஆறு வருடமாகிறது. அந்த ஆறு வருடத்தில் இவ்வளவு எரிச்சலூட்டிய வழக்கு வேறில்லை.

"மூணு வருஷம்," என்றார் டீச்சர். "நாலு பள்ளிவாசல். ஆயிரத்துச் சொச்சம் கல்யாணம். அதுல ஒண்ணுகூட நம்ம லிஃப்ட் மெக்கானிக்கோடது இல்லை. அவரு பல்செட்டுக்காரியைக் கட்டின அந்த ஒரே ஒரு கல்யாணத்தைத் தவிர."

"அந்த ஒண்ணு இருக்குல்ல, சந்தோஷப்படுங்க. அதுவும் இல்லைன்னா நமக்கு வேலை கொடுத்தவளே பொய்னு ஆகியிருக்கும்."

டீச்சர் சிரிக்கவில்லை. இன்று செவ்வாய். வியாழன் காலை பதினொரு மணிக்கு, கல்யாண வழக்குகளைத் தீர்க்கும் காஜியார் முன் கடைசி விசாரணை.

பல்செட்டுக்காரி, பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை செய்கிறவள். கல்யாணமாகி மூன்று வருடம். கணவன் ஒரு ராத்திரி வீட்டில், மறு ராத்திரி 'டியூட்டி'யில். கம்பெனியில் விசாரித்தபோது, மெக்கானிக்குகளுக்கு ராத்திரி டியூட்டி வாரத்துக்கு ஒன்றுதான் என்று தெரிந்தது. மிச்ச ராத்திரிகள் யாருடையவை?

நிக்காஹ் அன்று மெக்கானிக் தானாகவே முன்வந்து ஒரு நிபந்தனை எழுதிக் கொடுத்திருந்தார். 'இவளுக்குப் பிறகு நான் இன்னொருத்தியை நிக்காஹ் செய்து, இவள் காஜியிடம் முறையிட்டால், எங்களுக்குள் பிரிவு விழும்.' அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காஜியாரிடம் போனாள். மெக்கானிக் அமைதியாகச் சொன்னார்: "இவளுக்குப் பிறகு நான் யாரையும் கட்டலைங்க." அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெரியவர்கள் அவளைத்தான் பார்த்தார்கள், ஜுரத்தில் பிதற்றுகிறவளைப் பார்ப்பதுபோல. அவளுடைய அம்மாவே, "சந்தேகத்துக்கு மருந்து கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டாள்.

ஆதாரம் கொண்டுவா, இல்லையென்றால் வழக்கை மூடிவிடுகிறேன் என்றார் காஜியார். பதிவேடுகளைப் பார்க்க டீச்சருக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். நியாயமான மனிதர். இந்த வழக்கில் எல்லோரும் நியாயமானவர்கள்தான். அதுதான் தொல்லை.

மெக்கானிக்கை ஆறு தடவை பின்தொடர்ந்தாயிற்று. ஆறு தடவையும் ஒரே பதினாலு மாடிக் கட்டடத்துக்குள் போனார். மாடிக்கு ஆறு வீடு. எண்பத்துநாலு கதவு. விசாரணையில் முகம் பார்த்துக்கொண்டதால் அவரோடு லிஃப்டில் ஏற முடியாது. வெளியே நின்று எந்த மாடியில் நிற்கிறது என்று பார்க்கலாமென்றால் எண் விளக்கு எரிவதில்லை.

"ஒரு லிஃப்ட் மெக்கானிக் அடிக்கடி வந்துபோற கட்டடத்துல லிஃப்ட் விளக்கு ரிப்பேர்," என்றார் விசில். "டாக்டர் வீட்டுல இருமல் மாதிரி."

காவலாளியிடம் மூன்று தடவை பேச்சுக்கொடுத்தார்கள். மெக்கானிக்கின் காதுக்கு எட்டிவிடக்கூடாது என்று அவர் பேச்சையே எடுக்காமல், மூன்று வருடத்துக்குள் புதிதாகக் குடிவந்தவர்கள் யார் யார் என்று மட்டும் கேட்டார்கள். பதினொரு வீடுகளைச் சொன்னான். பதினொன்றும் வீண். அதில் ஒரு வீட்டு நாய் விசிலின் கால்சட்டையை வேறு கிழித்துவிட்டது.

*

பட்டறையில் மெழுகு உருகும் வாசனை. பல்செட்டுக்காரி இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பொருத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் எட்டு வாய்கள் திறந்தபடி வரிசையாகக் கிடந்தன. முகங்களே இல்லாமல் எல்லாம் சேர்ந்து ஏதோ ஒரு செய்திக்காக ஆவென்று காத்திருப்பதுபோல.

"கிடைக்கலைன்னு சொல்லத்தானே வந்தீங்க," என்றாள், தலை நிமிராமல்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

"பதினோரு நாளா அதேதான் சொல்றீங்க டீச்சர். எனக்கு அவரைப் பிடிக்காம இல்ல. அடிக்க மாட்டாரு, குடிக்க மாட்டாரு, சத்தமா பேசக்கூட மாட்டாரு. ஆனா பாதி ஆளோட குடும்பம் நடத்த என்னால முடியல. அதைச் சொன்னா எனக்குப் பைத்தியம்கிறாங்க. எனக்கு ரெண்டே ரெண்டு வேணும். நான் பைத்தியம் இல்லைன்னு ஒரு வார்த்தை. அப்புறம், என்னை விட்டுடணும்."

விசில் ஒரு பல்செட்டை எடுத்துப் பார்த்தார். "இது யாரோடதும்மா?"

"ஒரு வக்கீலோடது."

"அதான் கையில எடுத்தாலே கடிக்க வருது."

"வெச்சுடுங்க அண்ணே. ஈரம் காயல."

டீச்சர் நோட்டைத் திறந்தார். "ஆரம்பத்துலேர்ந்து சொல்லு. கல்யாணத்தன்னைக்கே ஆரம்பி. எந்த ராத்திரி இருந்தாரு, எந்த ராத்திரி இல்ல?"

"எத்தனை தடவை சொல்றது? முதல் ஒரு வாரம் வீட்டை விட்டு நகரவே இல்ல. ஏழு ராத்திரி." மெழுகுக் கத்தி ஒரு கணம் நின்றது. "ஏழு ராத்திரி நல்லாத்தான் இருந்தோம். எட்டாம் நாள் சாயங்காலம் டூல் பையை எடுத்துக்கிட்டு டியூட்டின்னாரு. அன்னைலேர்ந்து ஒண்ணு விட்டு ஒண்ணு."

"எட்டாம் நாளேவா? இதை முன்னாடி நீ சொல்லல."

"நீங்க அவளை எப்பக் கட்டினாருன்னுதானே கேட்டீங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டாம் நாளே இன்னொருத்தியா?" விசில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முதல் கல்யாணத்து போட்டோகூட கைக்கு வந்திருக்காதேம்மா."

"நடுவுல எப்பவாவது முறை மாறியிருக்கா?" என்றார் டீச்சர்.

"ஒரு தடவை. காய்ச்சல்ல விழுந்து, அவரு போக வேண்டிய அஞ்சு ராத்திரி சேர்த்து எங்க வீட்டுலயே படுத்துட்டாரு. எழுந்ததும் அஞ்சு ராத்திரி தொடர்ச்சியா டியூட்டின்னு போயிட்டாரு. நான் சண்டை போட்டேன். 'குறைஞ்சதை ஈடு கட்டணும்'னாரு. லிஃப்டுக்கு என்ன ஈடு கட்டறதுன்னு கேட்டேன். அதுக்குள்ள டூல் பையைத் தூக்கிட்டாரு."

டீச்சரின் பேனா நின்றது. நோட்டில் ஐந்து என்று எழுதி, அதற்கு மேலே ஏழு என்று எழுதி, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டார்.

"இந்த அஞ்சு நாளைத் திருப்பிக் கொடுத்தாரு. சரி. அந்த முதல் ஏழு நாளுக்கு ஏன் ஈடு கட்டல?"

"அப்போ அவ வந்திருக்க மாட்டாள்ல," என்றார் விசில்.

"எட்டாம் நாளே வந்துட்டாள்னா, வந்தவளுக்கும் முதல்ல சேர்ந்தாப்புல சில நாள் கொடுத்திருப்பாரு இல்லையா? இவ்வளவு சமம் பார்க்கிற ஆளு. அங்கே எடுத்த எடுப்புலயே ஒண்ணு விட்டு ஒண்ணா? இந்தக் கணக்கு இடிக்குது."

"டீச்சர், நீங்க பள்ளிக்கூடத்தை விட்டாலும் கணக்கு உங்களை விடல."

"எழுந்திருங்க. பதிவேட்டுக்காரரைப் பார்க்கணும்."

"திரும்பவும் தூசியா?" என்றபடி விசில் எழுந்தார்.

*

பதிவேட்டுக்காரர் மதியத் தூக்கத்தில் இருந்தார். முக்கால் மணி நேரம் அவர்கள் செருப்புகள் கிடக்கும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வந்தவர், இவர்களைப் பார்த்ததும் மறுபடி போய்ப் படுத்துவிடலாமா என்று யோசித்ததுபோல் இருந்தது.

"பதிவேடு வேண்டாம் பாய்," என்றார் டீச்சர். "ஒரு கேள்விதான். ரெண்டு மனைவி உள்ளவரு ராத்திரியை எப்படிப் பிரிக்கணும்?"

"சமமாத்தான். ஒருத்திக்கு ஒண்ணுன்னா இன்னொருத்திக்கும் ஒண்ணு. உடம்பு சரியில்லன்னாலும் முறை முறைதான். அந்தச் சமம் செய்ய முடியாதுன்னு பயந்தா ஒருத்தியோட நிறுத்திக்கணும். பலபேர் பாதி சட்டத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிறாங்க."

"ஏழு ராத்திரின்னு ஏதாவது உண்டா?"

"உண்டே. கன்னிப் பொண்ணைப் புதுசா கட்டினா முதல் ஏழு ராத்திரி அவளோட உரிமை. ஏற்கெனவே கல்யாணமாகிப் பிரிஞ்ச பொண்ணுன்னா மூணு. நாங்க பின்பற்றுற சட்ட வழியில, எங்க மத்ஹபுல, அப்படி. அந்த ஏழுக்கு மூத்தவளுக்கு ஈடு கட்ட வேண்டியதில்ல. எட்டாம் நாள்லேர்ந்து முறை ஆரம்பிக்கும்."

"மூத்தவளே கிடையாதுன்னா?"

பதிவேட்டுக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "மூத்தவளே இல்லைன்னா ஏழு எதுக்கும்மா எண்ணணும்? வருஷம் பூரா அந்த ஒருத்தி வீடுதானே."

டீச்சர் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார், யாருடைய செருப்பின் மேல் என்றுகூடப் பார்க்காமல்.

"பதினோரு நாள்," என்றார். "பதினோரு நாளா கணக்கோட முதல் வரியைச் சரிபார்க்காம மீதியைப் போட்டுக்கிட்டிருந்திருக்கேன்."

"எனக்குப் புரியறமாதிரி சொல்லுங்க," என்றார் விசில். "டிக்கெட் கிழிச்ச மூளை இது."

"புதுசா வந்தவளுக்குத்தான் ஏழு ராத்திரி. ஏழு ராத்திரி யாருக்குக் கிடைச்சது?"

"நம்ம பல்செட்டுக்காரிக்கு," என்றார் விசில். அதற்கு மேல் அவருக்கு ஒரு நகைச்சுவையும் வரவில்லை.

*

"லிஃப்ட்காரர் வீடா?" என்றான் காவலாளி. "ஒம்பதாவது மாடி, மூணாம் நம்பர். பதினோரு வருஷமா இருக்காங்களே. அந்தம்மா கார் சீட்டுக்கு உறை தைப்பாங்க. ரொம்ப நல்ல மாதிரி."

"மூணு தடவை வந்து கேட்டோமே, ஏம்ப்பா சொல்லல?" என்றார் விசில்.

"நீங்க புதுசா வந்தவங்களைத்தானே கேட்டீங்க. அவங்க பழைய ஆளுங்க."

விசில் தன் கிழிந்த கால்சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

டீச்சர் தொலைபேசியில் எதையும் சொல்லவில்லை. பல்செட்டுக்காரியை வரச் சொல்லி, கட்டடத்துக்கு எதிரே இருந்த பேருந்து நிழற்குடையில் உட்காரவைத்துச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே விரல் நகத்தில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டினாள். மெழுகு போன பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருந்துகள் வந்து நின்று போயின.

"அப்போ நான்தானா அவ?"

டீச்சர் தலையசைத்தார்.

"மூணு வருஷமா, பேர் தெரியாத ஒருத்தியைச் சக்களத்தி, என் வாழ்க்கையில வந்து நுழைஞ்சவன்னு திட்டிக்கிட்டிருந்தேன். அதெல்லாம் என்னைத்தானா?"

"நீ தெரிஞ்சு வரலையேம்மா," என்றார் விசில்.

"'இவளுக்குப் பிறகு'ன்னு அவரே எழுதினாரு. நான் கேக்கக்கூட இல்ல. எவ்வளவு நல்ல மனுஷன்னு அன்னைக்கு அழுதேன் தெரியுமா?" அவள் கைப்பையைத் திறந்து ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். "இது இனிமே எதுக்கும் ஆகாது. இல்லையா டீச்சர்?"

"இந்த வரியை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது. அவரு அதை மீறவே இல்ல."

அவள் எழுந்து சாலையைக் கடந்தாள். டீச்சர் கூப்பிட்டது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

*

ஒன்பதாவது மாடி மூன்றாம் எண் வீட்டின் கூடத்தில் பாதியை ஒரு பெரிய தையல் மெஷின் அடைத்திருந்தது. மீதியை ரெக்ஸின் சுருள்கள். கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மூன்று பேரையும் பார்த்துவிட்டு, நடுவில் நின்றவளிடம் மட்டும் பேசினாள்.

"உள்ளே வா."

"நான் யாருன்னு..."

"மூணு வருஷம் முன்னாடி ஏழு நாள் ட்ரெயினிங்னு சொல்லிட்டுப் போனாரு. திரும்பி வந்ததும் ஒண்ணு விட்டு ஒரு ராத்திரி டியூட்டின்னாரு. நான் தைக்கிறவ. ரெண்டு துணியைச் சேர்த்தா தையல் எங்கே போகும்னு எனக்குத் தெரியாதா? உட்காரு."

"அவருகிட்ட நீங்க கேக்கவே இல்லையா அக்கா?"

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவாரு. அந்த பயத்துலயே கேக்கல."

பல்செட்டுக்காரி நின்றுகொண்டே தன் ஒப்பந்தத்தை நீட்டினாள். மூத்தவள் வாங்கிப் படித்தாள். படித்து முடித்து, சத்தமில்லாமல் சிரித்தாள்.

"இது எங்க வாப்பா எனக்கு எழுதி வாங்கின வரிம்மா. அதைத்தான் எடுத்து உனக்குக் கொடுத்திருக்காரு. ரெடிமேட் உறை மாதிரி."

டீச்சர் ஓரடி முன்னால் வந்தார். "உங்களுக்கும் இந்த நிபந்தனை இருக்கா?"

"இருக்கு. என்னை வெச்சுக்கிட்டு இன்னொருத்தியைக் கட்டினா, நான் போய் முறையிட்டா பிரிவு."

பதினோரு நாளாக நான்கு பள்ளிவாசல்களில் தேடிய ஆதாரம், இரண்டாவது நிக்காஹின் ஆதாரம், மூத்தவளின் கையில் இருந்தது. அதைத் தேடச் சொன்னவளே பதினோரு நாளும் தன் கைப்பையில் சுமந்திருந்தாள். அது கதவைத் திறக்கும். ஆனால் சுமந்தவளுடைய கதவை அல்ல.

"வெச்சுக்குங்க அக்கா," என்றாள் பல்செட்டுக்காரி. "வியாழக்கிழமை காஜியார்கிட்ட கொடுத்தா நீங்க போயிடலாம்."

"எனக்கு எங்கேம்மா போகணும்? எனக்கு அவரு முழுசா வேணும்."

"எனக்கு அவரு வேண்டவே வேண்டாம். என்னால போக முடியல."

"போக முடிஞ்சவ நிக்கறா, போகணும்னு நினைக்கிறவ மாட்டிக்கிட்டா," என்று விசில் முணுமுணுத்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு வண்டியை நான் பார்த்ததில்ல."

"அவளை விடுங்கன்னு நான் அவருகிட்ட கேக்கவும் மாட்டேன்," என்றாள் மூத்தவள். "ஒருத்தியைத் தலாக் விடச் சொல்லி இன்னொருத்தி கேக்கக் கூடாது. அதை மட்டும் எங்கிட்ட எதிர்பார்க்காதே."

"நீங்க கேக்க வேண்டாம். நானே விடுதலை வேணும்னு குலா கேக்கறேன். கல்யாணத்துல மஹரா கொடுத்த வளையலைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போறேன். ஆனா அவரு சரின்னு சொல்லணுமே. இத்தனை நாள் தன்கிட்ட குறையே இல்லைன்னு அசையாம நின்னுட்டாரு."

வெளியே லிஃப்ட் நின்ற சத்தம் கேட்டது. மாலை ஆறு மணி. இன்று மூத்தவளின் முறை.

மெக்கானிக் உள்ளே வந்தார். மெலிந்த, சுத்தமான மனிதர். சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. இரண்டு மனைவிகளையும் பார்த்தார். டூல் பையை மெல்லத் தரையில் வைத்தார்.

மூத்தவள் கேட்டாள். "இவ யாரு?"

"என் மனைவி." ஒரு நொடிகூடத் தாமதமில்லை. "மூணு வருஷமாச்சு. உங்க ரெண்டு பேருக்கும் ஒரு ராத்திரிகூட நான் கூட்டிக் குறைச்சதில்ல. நீ கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

"ஒருத்திக்குத் தெரியாம ஒருத்தியை வெச்சதும் சமமாத்தான்," என்றார் டீச்சர். மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை.

"வியாழக்கிழமை நான் குலா கேக்கப்போறேன்," என்றாள் பல்செட்டுக்காரி. "எனக்கு முன்னாடி இவங்க இருந்ததை மறைச்சுட்டுத்தான் என்னைக் கட்டினீங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். எனக்குப் பைத்தியம் இல்லைன்னு எங்கம்மா காதுல அது விழணும். அப்புறம் என்னை விட்டுடணும். செய்வீங்களா?"

அவர் மூத்தவளைப் பார்த்தார். அவள் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். அது என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அது காஜியாரிடம் போனால் மூத்தவளும் போய்விடுவாள். லிஃப்ட் யாருக்காகவோ கீழே இறங்கிப் போகும் சத்தம் சுவருக்குள் கேட்டது.

"சரி," என்றார். "சொல்றேன். விட்டுடறேன்."

பல்செட்டுக்காரி ரெக்ஸின் சுருளின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். பதினோரு நாளில் அவள் முதன்முறையாக மூச்சு விட்டதுபோல் டீச்சருக்குத் தோன்றியது.

மெக்கானிக் மூத்தவளிடம் திரும்பினார். முகத்தில் ஒரு நிம்மதி. கஷ்டமான ஒரு பழுதைச் சரிசெய்துவிட்டவரின் நிம்மதி. "இனி எல்லா ராத்திரியும் உனக்குத்தான். உனக்கு வேண்டியது கிடைச்சுதுல்ல? இதோட முடிஞ்சது."

மூத்தவள் அவரையே பார்த்தாள். மூன்று வருடமாக வாரத்தில் பாதி நாள் தனியாகத் தைத்துக்கொண்டிருந்தவள். அவள் விரும்பியது இதைத்தான். கைக்கு வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவளைப்போல, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பல்செட்டுக்காரியின் ஒப்பந்தத்தை நான்காக மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கும்மா?"

"பதினோரு மணிக்கு அக்கா."

"நீ எதுக்கு அங்கே?" என்றார் மெக்கானிக். முதன்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"அவளுக்குக் கொடுக்கிறதை எனக்கும் கொடுக்க வேண்டாமா?" என்றாள் மூத்தவள். "சமம் பார்க்கிற ஆளாச்சே நீங்க."